நாற்பத்தேழு கொடுத்த ஆள்

நம் வீட்டுச் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளைப் பற்றி உங்கள் சிநேகிதி ஒருத்தி கேட்டாளாம். "எங்கப்பாவோட லாட்டரி நம்பரு" என்று சின்னவள் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அது லாட்டரி இல்லை. அதில் நாற்பத்தேழு என்ற எண் மட்டும் ஏன் நீல மையில் அடிக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பெரியவன் சிரிக்கலாம், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

எனக்கு முதல் ரயில் தாள் மிளகாய் பஜ்ஜியோடு வந்தது.

அப்பா ஓட்டுவது கன்டெய்னர் டிரெய்லர் என்று உங்களுக்குத் தெரியும். துறைமுகக் கேட்டுக்குப் போகிற வரிசையில் ஒரு தடவை மாட்டினால் அப்புறம் நிற்பதுதான் வேலை, ஓட்டுவது நடுவில் கிடைக்கிற ஓய்வு. அப்படி ஒருநாள் திருவொற்றியூர் பக்கம் நின்றபோது தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளில் எண்ணெய்க்கு நடுவே ஏதோ அச்சடித்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் ரயில் டிரைவருக்குக் கொடுக்கிற எச்சரிக்கைச் சீட்டு அது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை தண்டவாள வேலை நடக்கிறது, பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி, கீழே டிரைவர் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் காலையிலிருந்து அரைக் கிலோமீட்டர் நகர்ந்திருந்தேன். பதினைந்தில் போகலாம் என்று எனக்கு எவராவது சீட்டுக் கொடுத்தால் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

பஜ்ஜி தீர்ந்தது. தாளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

அது வந்த வழியைப் பிடித்துக்கொண்டு கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மாமு, ஊரே இங்க பேப்பர் போட வருது, நீ ஒர்த்தன் வாங்க வர்றே? ஒடம்பு எதுனா சொகமில்லியா?" என்றார். அன்றிலிருந்து ரயில்வே தாள் வந்தால் தனியாக எடுத்துவைப்பார். வேகன் கதவில் ஒட்டுகிற சீட்டு, ரயிலின் கடைசிப் பெட்டியில் வருகிற கார்டு எழுதுகிற பயணக் குறிப்பு, ஸ்டேஷன் ரிஜிஸ்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, நம் கட்டிலுக்கு அடியில் மூன்று டிரங்குப் பெட்டி நிறைந்தது. "இந்த வூட்டு கரப்பான்பூச்சிக்குக்கூட ரயில் டைம் தெரியும்" என்று உங்கள் அம்மா சொல்வாள்.

வெறுமனே பூட்டி வைக்கவில்லை. என்னைப் போலவே தாள் சேர்க்கிற கொஞ்சம் பேர் ஃபோனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கிடைத்ததைப் படம் பிடித்து அதில் போட வேண்டும். புரியாததைக் கேட்டால், தெற்கே எங்கேயோ ஓய்வில் இருக்கிற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பொறுமையாகப் பதில் சொல்வார். அந்தக் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். ரிஜிஸ்டரைப் படம் எடுத்தால் விரித்துவைத்து இரண்டு பக்கத்தையும் எடுக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டதால்தான் இத்தனையும் நடந்தது.

மஞ்சள் தாளுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்து "வண்டி அனுப்பட்டுமா?" என்று கேட்பார். "அனுப்பு" என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. நாளைக்கே "நான் எப்போ சொன்னேன்?" என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொருவரிடமும் முன்பின்னாகக் கலந்த எண்கள் அச்சடித்த ஒரு தாள் இருக்கும். சம்மதம் சொல்கிறவர் அதில் வரிசைப்படி அடுத்த எண்ணைச் சொல்லி, தன் தாளில் அதை அடித்துவிடுவார். கேட்கிறவர் அதைத் தன் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். பிரைவேட் நம்பர் என்று பெயர். நம்பர் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். அப்புறம் சாமியே வந்து சொன்னாலும் இல்லை என்று மறுக்க முடியாது.

யாரும் உபயோகிக்காத அப்படி ஒரு தாள் கிடைத்ததும் நான் சமையலறையில் ஒட்டினேன். காஸ் மூடியாச்சா என்று கேட்டால் அம்மா நம்பர் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்றால் நீங்கள் நம்பர் சொல்ல வேண்டும். பெரியவன் ஒருமுறை முடிக்காமலே ஐம்பத்தெட்டு கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு, மூன்று நாள் கிரிக்கெட் இல்லாமல் கிடந்தான். அடுத்த வாரமே அந்தப் பழக்கம் படி இறங்கிக் கீழ்வீட்டுக்கும் போய்விட்டது.

கீழ்வீட்டில் இருப்பவர்கள் உங்கள் கார்டு தாத்தாவும் ஆயாவும். நான் மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். மாமா கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நின்று ஓய்வு பெற்றவர். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது செய்தித்தாளைச் சுருட்டிப் பச்சைக்கொடி மாதிரி அசைப்பார். அப்புறம்தான் நான் வண்டிச் சாவியைத் தொடுவேன். மீன் வாங்கப் போய் லேட்டாக வந்தால், "அவுட்டர்ல நிறுத்திட்டாங்கமே, சிக்னல் வுழல" என்பார். ஸ்டேஷனுக்கு வெளியே, உள்ளே விடாமல் வண்டியை நிறுத்தி வைக்கிற இடம்தான் அவுட்டர்.

அத்தைக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. காரணம் ஒரு மேட்னி ஷோ.

கல்யாணமாகி முதல் மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராயபுரத்தில் படம் பார்க்கலாம், நேராக தியேட்டருக்கு வந்துவிடுகிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இரண்டு டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றார்கள். மாமா வரவில்லை. படம் தொடங்கி, இடைவேளை வந்து, படமும் முடிந்துவிட்டது. சர்ச்சில் பார்த்த சனமெல்லாம் அந்த வழியாகப் போனது. "புதுப்பொண்ணு, நடு வெயில்ல, காத்தாடி கம்பம் மாதிரி நிக்கிறேன்பா" என்று அத்தை சொல்லும்போது இன்றைக்கும் கழுத்து சிவக்கும்.

நல்லவேளையாக அத்தையின் அண்ணன் அந்தப் பக்கம் வந்தாராம். அவர் அப்போது மாமா வேலை செய்த யார்டில் கால்மேன். டிரைவர், கார்டு வீடுகளுக்கு சைக்கிளில் போய் டூட்டிக்குக் கூப்பிடுகிற வேலை. "டிக்கெட்டு வேஸ்ட்டாப் போவுதேன்னு அண்ணன் உள்ள போய் பாத்துச்சு. என்னியும் கூப்டுச்சு, நாந்தான் இவரு வந்துருவாருன்னு வெளிய நின்னேன். எண்டர்வல்ல வந்து எனக்கு ஒரு சோடா வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு. தங்கமான மனுசன்பா" என்பார்கள்.

மாமா சொல்வது வேறு. அத்திப்பட்டுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் கூட்ஸை நிறுத்தி, என்ஜினைக் கழற்றி வேறு வண்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கார்டு தன் வண்டியை விட்டு வரக் கூடாது. "வர முடியாதுன்னு நான் தகவல் சொல்லி அனுப்பினேன்யா" என்று மாமா நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிவந்தார். அத்தை நம்பவே இல்லை. "தகவல்! கூட்டாளிங்களோட குந்திகினு சீட்டாடிக்கினு இருந்தவருக்குத் தகவல் ஒரு கேடு" என்பார்கள். அன்றிலிருந்து அவரோடு தியேட்டருக்குப் போவதில்லை என்று சபதம். கிழியாத அந்த ஒரு டிக்கெட் இன்னமும் அத்தையின் பைபிளுக்குள் இருக்கிறது.

போன வருஷம் அவர்கள் கல்யாண நாளுக்குப் பிள்ளைகள் சினிமாவுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அத்தை முடியாது என்றுவிட்டார்கள். மாமா படியேறி வந்து என் பெட்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"எப்பா, ஒலகத்துல கீற குப்பையெல்லாம் உன்கிட்ட கீது. அந்த ஸ்டேஷன் ரிஜிஸ்டரு கெடைக்காதா? நான் சாட்சி இல்லாத ஆளாப் போயிட்டேன். ஒரே ஒரு தபா அவகூட குந்தி ஒரு படம் பாக்கணும்பா."

தேடினேன். பாயிடம் சொல்லி வைத்தேன். நான்கு மாதம் கழித்து அவர் ஃபோன் செய்தார். "மாமு, உன் ஸ்டேஷன் பேரு போட்டு ஒரு மூட்டை வந்துகீது. எலி பாதி படிச்சிருச்சு, மீதிய நீ வந்து படி."

அந்த ரிஜிஸ்டர் அதில் இருந்தது. எலி ஓரத்தோடு விட்டிருந்தது. அத்தையின் டிக்கெட்டில் இருந்த தேதியைப் புரட்டி எடுத்தேன். அன்றைக்கு ஒரு கூட்ஸ் வண்டி பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு உள்ளே வந்து, பத்து இருபதுக்குக் கிளம்பியிருந்தது. காலையில்!

நான் மாமாவிடம்தான் முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் வாசலில் அத்தை எறா உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "இன்னா, கெடச்சிருச்சா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பத்து இருவதுக்கே வண்டி கெளம்பிடுச்சா!" அத்தை எறாத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். "யோவ்! வெளிய வாய்யா. பத்தே முக்காலுக்கு நீ மெட்ராஸ்ல கீற. ரெண்டரைக்கு ஷோ. நடுவுல எந்த ஊருக்குப் போன, சொல்லு!"

மாமா சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டே வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். கண்ணாடி உள்ளே இருந்தது. "ஒயுங்கா பாத்தியாப்பா?" என்று என்னைக் கேட்டார்.

"பேப்பர் பொய் சொல்லாது மாமா" என்றேன்.

நீங்கள் பெரியவர்களானதும் பலதும் பேசுவீர்கள். இந்த வாக்கியத்தை மட்டும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

அத்தை அந்த ரிஜிஸ்டரைத் துணியால் துடைத்து, அலமாரியில் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த நாள் காலையில் நான் கிளம்பியபோது செய்தித்தாள் அசையவில்லை. அவர் அதை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டேன். கொடி இல்லாமல் வண்டியெடுத்த முதல் நாள் அதுதான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். "ரயில் பேப்பர் சேக்குறேன்னு ஒரு குடும்பத்தையே தடம் புரள வெச்சிட்டியே" என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டு, வெங்காயத்தை ஏதோ நான்தான் என்பது போல நறுக்கினாள்.

இதற்கிடையில் அந்தப் பக்கத்தை நான் பெருமையாகக் குழுவிலும் போட்டிருந்தேன். சனிக்கிழமை, வரிசையில் நிற்கிறபோது, தெற்கத்தி ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"தம்பி, நல்ல சரக்கு. ஆனா எதிர்ப்பக்கம் எங்கே? இது வடக்கே போற வண்டிகளுக்கான பக்கம். மெட்ராசுக்கு வர்ற வண்டி எல்லாம் எதிர்ப்பக்கத்தில்தானே எழுதுவோம்?"

நாங்கள் டிரெய்லரில் எழுதுகிற டிரிப் புத்தகத்தில் முதல் பக்கம் அசல், எதிர்ப்பக்கம் கார்பன் நகல். முதலாளிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. பதினெட்டு வருஷமாக அதையே பார்த்த கண். ரிஜிஸ்டரிலும் எதிர்ப்பக்கம் நகல்தானே, அதில் புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. மாமா வந்த வண்டிக்குப் பதிலாக, எதிர்த்திசையில் போன வேறு வண்டியை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். முன்னால் வரிசை நகர்ந்ததுகூடத் தெரியவில்லை. பின்னாலிருந்த டிரெய்லர்காரன் இறங்கி வந்து, "அண்ணாத்தே, வண்டியில உயிரோட கீறியா?" என்று கதவைத் தட்டினான்.

மறுநாள் காலையில், அத்தை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும், கீழே போய் ரிஜிஸ்டரைக் கேட்டேன்.

"எதுக்கு?"

"எதிர்ப்பக்கத்தைப் பார்க்கணும் அத்தை."

"பாத்துட்டுத் திருப்பித் தருவியா?"

"தருவேன்."

"வாயால சொன்னா ஆச்சா? நம்பர் குடு."

நான் வைத்த வினை. மேலே ஓடிப்போய்த் தாளைப் பார்த்து அறுபத்திரண்டு என்று படியிலிருந்தே கத்தினேன். அத்தை காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டு, அலமாரியைத் திறந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மெட்ராஸ் நோக்கி வந்த கூட்ஸ், பத்து நாற்பதுக்கு உள்ளே வந்திருக்கிறது. கிளம்பியது மூன்று ஐம்பத்தைந்துக்கு. அதற்குப் பக்கத்தில், கடைசிக் கட்டத்தில், கோழி கிளறிய மாதிரி ஆங்கிலத்தில் இரண்டு வரி. எனக்குப் படிக்க வரவில்லை. படம் எடுத்து ஸ்டேஷன் மாஸ்டருக்கு அனுப்பிவிட்டு, நானும் அத்தையும் ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். மாமா மட்டும் கொஞ்சம் தள்ளி, தீர்ப்பு கேட்கிற ஆள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பதில் குரலாகவே வந்தது. "வண்டியின் என்ஜின் கழற்றி வேறு வேலைக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருக்கு. அடுத்த வரி என்னன்னா, மதியம் வர முடியாது என்று கார்டு தன் மனைவிக்குத் தகவல் சொல்லக் கேட்டார். யார்டுக்கு ஃபோனில் சொல்லப்பட்டது. கால்மேனே பேசி வாங்கிக்கொண்டார். பிரைவேட் நம்பர் நாற்பத்தேழு. அடடா, அந்த மாஸ்டர் நல்ல மனுசன் தம்பி. சொந்தத் தகவலுக்கெல்லாம் யாரும் நம்பர் வாங்க மாட்டாங்க."

மாமா மெதுவாக உட்கார்ந்தார். "நான் சொன்னேன்ல" என்றுகூட அவர் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தை ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கால்மேனே வாங்கினாரா?" என்றார்கள். பிறகு, "அந்த யார்டுல ஞாயித்துக்கெயமை பகல்ல எத்தினி கால்மேனுயா?" என்று மாமாவைக் கேட்டார்கள். கல்யாணமானதிலிருந்து அந்த விஷயத்தில் அவரிடம் கேட்ட முதல் மரியாதையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

"ஒர்த்தருதான்" என்றார் மாமா. யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

அத்தை அண்ணனுக்கு ஃபோன் போட்டார்கள். அவர் காசிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். வயசானவர், காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும்.

"இன்னாம்மா, பூசைக்குப் போய்ட்டு வந்தியா?"

"ண்ணா, நாப்பத்தேயு."

"இன்னாது?"

"நாப்பத்தேயு நம்பரு குடுத்தது நீதான? என் வூட்டுக்காரரு வரமாட்டாருன்னு உங்கிட்டதான சொன்னாங்கோ? தியேட்டராண்ட நீ சொம்மா வரல, எங்கிட்ட சொல்லத்தான வந்த?"

அந்தப் பக்கத்தில் அவர் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது.

"சொல்லத்தான்மா வந்தேன்" என்றார் கடைசியில். "உங்கையில ரெண்டு டிக்கெட்டு இருந்துச்சு. சொன்னா, நீ ரெண்டையும் வித்துட்டு வூட்டுக்குப் போயிருப்ப. படம் முடிஞ்சி சொல்லலாம்னு உள்ள போனேன். முடிஞ்சி வந்து பாத்தா உன் மூஞ்சி இருந்த இருப்புல, எனுக்கு பயமாப்பூட்ச்சு."

"அதுக்கு, இத்தினி வருசமா?"

"ரெண்டாம் நாளு சொல்லாததை மூணாம் நாளு எப்டிம்மா சொல்றது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சோடா வாங்கிக் குடுத்தேன்ல" என்றார்.

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் நான். சத்தம் கேட்டு வந்து கதவோரம் நின்ற உங்கள் அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு படியேறி ஓடிவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெயமை மேட்னி. ரெண்டு டிக்கெட்டு நீ எடுத்துக் குடுக்கணும். நீ உள்ள வரக் கூடாது" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்கள். பிறகு மாமாவைப் பார்த்து, "நீ டிக்கெட்ட வெச்சிகினு முன்னாடி போய் நில்லு. நான் அப்பால வர்றேன்" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், ஆயா நம் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்களே. பட்டுச்சேலை, தலையில் இரண்டு முழம் பூ. மாமா பன்னிரண்டு மணிக்கே கிளம்பிப் போய்விட்டார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அத்தைக்கு எந்த அவசரமும் இல்லை. அம்மா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தார்கள். சின்னவளுக்குத் தலை பின்னிவிட்டார்கள். நான் ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பதும் அத்தையைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஷோ ரெண்டரைக்கு. ஒன்றே முக்காலுக்கு மாமா ஃபோன் செய்தார்.

"எங்கமே கீற? ஒன்றரை மணி நேரமா நின்னுகினு கீறேன். போறவன் வர்றவனெல்லாம் மூஞ்சியப் பாக்குறான்."

அத்தை டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள். "அவுட்டர்ல நிறுத்திட்டாங்கய்யா. சிக்னல் வுழல."

அந்தப் பக்கம் மாமா சிரிக்கிற சத்தம், இருமலாகி, மறுபடி சிரிப்பானது.

"சரிதாம்மே. வருவியா, மாட்டியா?"

அத்தை எழுந்து சமையலறைக்குப் போனார்கள். நாம் தாளில் அடிக்கிற பென்சிலைத் தள்ளிவிட்டு, காலண்டரில் தொங்கிய நீலப் பேனாவை எடுத்துக்கொண்டு மஞ்சள் தாளில் விரலால் தேடினார்கள்.

"அத்தை, வரிசையா அடிச்சிட்டு வரணும். அடுத்தது எழுபத்தொண்ணு" என்றேன்.

"நீ சொம்மா இருப்பா. ஒன் வரிசய நான் ஏற்கெனவே பாத்துட்டேன்" என்றார்கள். பிறகு ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "எய்திக்க. நாப்பத்தேயு" என்று சொல்லிவிட்டு, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி ஒரு கோடு போட்டார்கள்.